தில்லியின் போர்க்களங்களும் பசுநிலங்களும்

தமிழர் போரின் நிலைகளுக்குப் பூக்களின் பெயரைச் சூட்டினர். ஆநிரை கவர்தல் வெட்சி, மண் கொள்ள மேற்செல்லுதல் வஞ்சி, மதில் வளைத்தல் உழிஞை, மதில் காத்தல் நொச்சி, களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை, வெற்றி வாகை. இவ்வாறு போரையும் செடிகொடியையும் சேர்த்தே எண்ணிப் பழகிய நமக்கு, தலைநகராம் தில்லியின் பசுநிலங்களைப் போர் வரலாற்றின் ஏடுகளாகப் படிப்பது கடினமன்று. மாலைப் பொழுதில் மக்கள் உலவி மகிழும் இந்நகரின் மரச்சோலைகளிலும் புல்வெளிகளிலும் பல, ஒரு காலத்துப் போர்க்களங்கள். அல்லது போரில் மாண்டார்க்கு எடுத்த நினைவிடங்கள். அங்கே யாருடைய பெயர் பொறிக்கப்பட்டது, யாருடைய பெயர் விடுபட்டது என்பதே நாம் ஈண்டு ஆராய விழையும் பொருள்.

முதற்கண் வடபுறத்து 'ரிட்ஜ்' என்னும் பாறை முகட்டைக் காண்போம். இஃது ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. 1857 ஜூன் 8ஆம் நாள், பாத்லி கி சராயில் வென்ற ஆங்கிலேயர் படை இம்முகட்டைக் கைக்கொண்டு, நகரை நோக்கிப் பீரங்கிகளை நிறுத்தியது. செப்டம்பர் 14ஆம் நாள் காஷ்மீரி வாயிலைத் தகர்த்து உட்புகுந்தது. ஒரு வாரத்தில் நகர் வீழ்ந்தது. உழிஞையும் நொச்சியும் மூன்று திங்களுக்கு மேல் எதிரெதிர் நின்ற களம் இது எனலாம்.

வென்றோர் 1863இல் இம்முகட்டில் செந்நிறக் கல்லால் ஒரு கோபுரம் எழுப்பினர். தம் படையில் வீழ்ந்தோரை ஐரோப்பியர் என்றும் இந்தியர் என்றும் பிரித்து அதில் கணக்கிட்டனர். நகரைக் காத்து மடிந்தோரோ அங்கே வெறும் 'பகைவர்' ஆயினர். விடுதலையின் வெள்ளி விழா ஆண்டாகிய 1972இல் அக்கோபுரம் 'அஜித்கட்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. பகைவர் எனக் குறிக்கப்பட்டோர் உண்மையில் நாட்டு விடுதலைக்குப் பொருத தியாகிகளே என்று உரைக்கும் பலகையும் வைக்கப்பட்டது. பழைய கல்லைப் பெயர்த்தெறியாது, அதன் அருகிலேயே மறுமொழியை நிறுத்திய அம்முறை போற்றத்தக்கது. எனினும் அவர்தம் பெயர்கள் அங்கே இல்லை.

தலைநகரம் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என 1911இல் அறிவித்த பின்னர், 1913 முதல் ரிட்ஜின் பகுதிகள் காப்புக்காடுகளாயின. அங்கே பரவி நிற்கும் விலாயதி கீக்கர் வேறொன்றுமன்று. நம் ஊர் உழவர் வெறுக்கும் சீமைக்கருவேலமே. வெளியிலிருந்து வந்த அம்மரம், மண்ணுக்குரிய மரங்களை நெருக்கி ஒடுக்கி விட்டது. பசுமை என்ற அளவிலேயே எல்லாம் நன்மையாகி விடுவதில்லை.

செங்கோட்டையின் முன்னுள்ள திறந்தவெளி இதனினும் கசப்பான பாடம். நகர் வீழ்ந்தபின், கோட்டைக்கும் ஜும்மா மசூதிக்கும் இடையே செறிந்திருந்த மாளிகைகளும் கடைத்தெருக்களும் பீரங்கிப் பார்வைக்குத் தடையாகும் எனக் கருதி இடித்துத் தள்ளப்பட்டன. அக்பராபாதி மசூதியும் அவற்றோடு மறைந்தது. இன்று அங்கே நடப்போர் கால்படுவது ஒரு நகரத்தின் தசையை அறுத்தெடுத்த தழும்பின்மீது. நினைவைக் காக்கும் புல்லே மறதியைப் போர்த்தவும் வல்லது.

அடுத்து, புது தில்லிக்கு வருவோம். லட்யன்ஸ் வடித்த இந்தியா கேட்டுக்கு 1921இல் அடிக்கல் நாட்டப்பட்டது; 1931இல் அது திறக்கப்பட்டது. முதல் உலகப் போரில் உயிர்நீத்த இந்திய வீரர் 70,000க்கும் மேற்பட்டோர். இவ்வளைவில் பொறித்த பெயர்களோ 13,000க்குச் சற்று மேல். அவை பெரும்பாலும் வடமேற்கு எல்லையிலும் 1919இன் ஆப்கானியப் போரிலும் மடிந்தோருடையவை. மைசூர், ஐதராபாத், ஜோத்பூர் குதிரைப் படைகளுக்காக 1922இல் எழுந்த தீன்மூர்த்திச் சிலைகளும் அக்காலத்தனவே. பேரரசுக்காகத் தொலைநிலம் சென்று மாண்டவர் இவர்கள். ஆயினும் ஒவ்வொருவரும் ஒரு தாயின் மகன். அவர்களை மறத்தல் அறமன்று.

1971ஆம் ஆண்டுப் போருக்குப் பின், 1972 குடியரசு நாளில் இவ்வளைவின் கீழ் அமர் ஜவான் ஜோதி ஏற்றப்பட்டது. ஐம்பது ஆண்டுகள் எரிந்த அச்சுடர், 2022 ஜனவரியில் அருகிலுள்ள தேசியப் போர் நினைவகத்தின் சுடரோடு இணைக்கப்பட்டது. 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட அந்நினைவகத்தை வடிவமைத்தது சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைக்குழு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. ஒன்றையொன்று சூழ்ந்த நான்கு வட்டங்களுள் ஒன்றில், விடுதலைக்குப் பின் நாட்டுக்காக வீழ்ந்த 25,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் கல்லில் உள்ளன. புறவட்டமாகிய ரக்ஷக சக்கரமோ கல்லால் ஆனதன்று. 600க்கும் மேற்பட்ட மரங்களின் அணிவகுப்பு அது. எல்லையில் காவல் நிற்கும் வீரரை மரமாகவே நிறுத்தியுள்ளனர். போருக்குப் பூப்பெயர் சூட்டிய மரபினர்க்கு இக்கருத்து புதிதாகத் தோன்றாது.

நம் முன்னோர் நடுகல் நாட்டி, வீழ்ந்தவன் பெயரையும் அவன் செயலையும் பொறித்தனர். தொல்காப்பியம் நடுகல் எடுக்கும் முறையைப் படிப்படியாக வகுத்துரைக்கிறது. அம்மரபு உணர்த்துவது இதுவே: பெயரில்லா நினைவு விரைவில் வெறும் நிலமாகிவிடும். நிழலும் நீரும் இல்லாக் கல்லையோ நாடி வருவார் இரார். தில்லிக்கு இவ்விரண்டும் வேண்டும். ரிட்ஜின் காட்டைக் காப்போர், அங்கே பெயரின்றி மடிந்தோரையும் மக்கள் அறியச் செய்தல் வேண்டும். கோட்டை வெளியில் உலவுவோர்க்கு, அங்கே மறைந்த தெருக்களின் வரலாறு எடுத்துரைக்கப்படல் வேண்டும். தலைநகரில் வாழ வந்த நாமும், நம் பிள்ளைகளை அப்புல்வெளிகளுக்கு அழைத்துச் செல்லுங்கால், விளையாட்டோடு இவ்வரலாற்றையும் சொல்லி வைப்போமாக.