செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்

மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களைப் பற்றி டி. எம். கிருஷ்ணா ஆங்கிலத்தில் எழுதிய நூல் (2020). கர்நாடக இசைப் பாடகரான கிருஷ்ணா, இதற்காகச் செய்தியாளரைப்போலப் பட்டறை பட்டறையாகச் சென்று பேட்டி எடுத்தார். கச்சேரிகளில் மிருதங்க வித்வானின் பெயர் அறிவிக்கப்படும்; வாத்தியம் செய்தவரின் பெயர் பெரும்பாலும் வெளியே தெரியாது. தஞ்சாவூர்க் கைவினைஞர் செபாஸ்டியனின் வழிவந்தோர், குறிப்பாக மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்த பர்லாந்து, நூலின் மையம். இக்கைவினைஞர்களுள் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள்.

மிருதங்கத்தில் பலாமரக் கட்டையின் இருபுறமும் தோல் போர்த்தப்படும். வலந்தலையின் நடுவே ‘சோறு’ எனப்படும் கருமையான பூச்சு நிலையாக இருக்கும். சுருதி சேர்வது அந்தப் பக்கத்தில். இடந்தலையான தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவார்கள். கனத்த கீழ்நாதம் அங்கிருந்து பிறக்கிறது. மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோல்கள் இதற்குத் தேவை. பசுவை வழிபடும் வித்வான்கள் பசுத்தோலில் வாசிக்கும் முரணை நூல் நேராகப் பேசுகிறது.

நூல் வெளியீட்டுக்கு அரங்கு தர ஒப்புக்கொண்டிருந்த திருவான்மியூர் கலாக்ஷேத்ரா, அரசியல் சாயலைக் காரணம் காட்டி அனுமதியை விலக்கிக்கொண்டது. 2020 பிப்ரவரி 2 அன்று தரமணி ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தில் விழா நடந்தது. வரலாற்றாசிரியர் ராஜ்மோகன் காந்தியும் அரசியல் தலைவர் தொல். திருமாவளவனும் பங்கேற்றனர்.

தமிழாக்கம் ‘செபாஸ்டியன் குடும்பக்கலை’ என்ற பெயரில் காலச்சுவடு வெளியீடாக வந்தது.