சொன்னது ஒன்று, வந்தது ஒன்று

கொஞ்சம் நீளமான பதிவு. சாயங்காலக் காபியோடு வாசியுங்கள்.

போன மாதம் ஜெர்மனியிலிருந்து ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவன், இப்போது அங்கே எஞ்சினியர். பழைய கேமரா லென்ஸ் என்றால் அவனுக்குப் பைத்தியம். இணைய ஏலத்தில் 85 யூரோவுக்கு ஒன்று எடுத்திருக்கிறான். விளம்பரத்தில் "கண்ணாடி தெளிவாக இருக்கிறது, பூஞ்சை இல்லை" என்று எழுதியிருந்ததாம். பார்சலைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! விற்றவரிடம் கேட்டதற்கு இரண்டு பதில் வந்திருக்கிறது. "நான் கடைக்காரன் இல்லை, உத்தரவாதம் கிடையாது என்று கீழே எழுதியிருக்கிறேனே" என்பது ஒன்று. "ஒரு யூரோவில் ஆரம்பித்த ஏலத்தில் இதைவிட என்ன எதிர்பார்த்தீர்கள்?" என்பது இன்னொன்று.

"விடுங்க டீச்சர், ஏமாந்தது என் தப்புதான்" என்றான். எனக்குத்தான் விட மனசு வரவில்லை. ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை? உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். இந்தச் சண்டை 400 வருடத்துக்கும் மேல் பழையது என்று அப்புறம்தான் தெரிந்தது.

1603. இங்கிலாந்தில் எலிசபெத் ராணி இறந்து முதலாம் ஜேம்ஸ் பட்டத்துக்கு வந்த வருடம். அந்தக் காலத்தில் பெசோவார் என்று ஒரு கல்லுக்குப் பெரிய மதிப்பு. ஆடு போன்ற விலங்குகளின் இரைப்பையில் உருண்டு திரண்டு கிடைப்பது. விஷத்தை முறிக்கும் என்று ராஜாக்களே நம்பினார்கள். (நம் ஊர் கோரோசனையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அது மாட்டின் பித்தப்பையில் கிடைப்பது.) சாண்டலர் என்ற பொற்கொல்லர் ஒரு கல்லை பெசோவார் என்று சொல்லி லோபஸ் என்பவருக்கு 100 பவுண்டுக்கு விற்றார். அன்றைக்கு அது பெரிய சொத்து. கல் போலி. லோபஸ் வழக்குப் போட்டு முதலில் ஜெயித்தார். மேல்முறையீட்டில் எல்லாம் போயிற்று. பெசோவார் என்று சொன்னது வெறும் பேச்சு, "நான் உத்தரவாதம் தருகிறேன்" என்று அவர் சொல்லவில்லையே, போலி என்று தெரிந்தே விற்றார் என்றும் வழக்கில் இல்லையே என்றார்கள் பெரும்பாலான நீதிபதிகள். சொன்ன வார்த்தைக்கு மதிப்பே இல்லை என்றால் அப்புறம் கடைவீதியில் யார் பேச்சை நம்புவது? எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

அந்த நிலை மெதுவாகத்தான் மாறியது. 1893இல் இங்கிலாந்தின் சரக்கு விற்பனைச் சட்டம் வந்தது. வர்ணனை சொல்லி விற்றால், பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்தியிருக்க வேண்டும் என்றது. நம் நாட்டின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது.

இனி ஏலத்துக்கு வருவோம். 1995 செப்டம்பரில் பியர் ஒமிட்யார் என்ற இளைஞர் அமெரிக்காவில் தொடங்கிய ஏலத் தளம்தான் பின்னாளில் ஈபே ஆனது. முதலில் விற்றது உடைந்துபோன ஒரு லேசர் பாயிண்டர், 14.83 டாலருக்கு! உடைந்தது என்று தெரியுமா என்று வாங்கியவரிடமே அவர் கேட்டதாகவும், உடைந்தவற்றைச் சேகரிப்பவன் நான் என்று பதில் வந்ததாகவும் சொல்வார்கள். உள்ளதை உள்ளபடி எழுதி விற்றதால் அங்கே சண்டை வரவில்லை.

எல்லாரும் அப்படி எழுதுவார்களா? புகார்கள் குவிந்தன. 1996இல் ஒமிட்யார் ஒரு வழி கண்டார். வாங்கியவரும் விற்றவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடட்டும் என்றார். ஆசிரியராகச் சொல்கிறேன், மதிப்பெண் வாங்குகிறவனே திருப்பி எனக்கும் போடுவான் என்றால் நான் யாரையாவது பெயில் ஆக்கியிருப்பேனா? அங்கேயும் அதுதான் நடந்தது. கெட்ட பெயர் திரும்பி வரும் என்ற பயத்தில் பலர் வாய் திறக்கவில்லை. 2008இல்தான், விற்பவர்கள் வாங்குபவர்களுக்கு எதிர்மறைக் கருத்துப் போட முடியாது என்று மாற்றினார்கள். நடுவில் 1999இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார் மின்னஞ்சல் வழியாகவே சமரசம் செய்து பார்த்தார்கள். இரண்டே வாரத்தில் சுமார் 200 வழக்குகள் வந்தனவாம்.

நம் பையனுக்கு வேண்டியது ஜெர்மனியிலேயே இருந்தது. தனிநபர் ஒருவர் ஈபேயில் பழைய மோட்டார் சைக்கிள் விற்றார். ஓடியது 30,000 கிலோமீட்டர் என்று எழுதினார், உத்தரவாதம் கிடையாது என்றும் எழுதினார். வண்டி வந்தபின் பார்த்தால் மீட்டரில் இருந்தது மைல் கணக்கு! ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். ஒரு மைல் சுமார் 1.6 கிலோமீட்டர். அப்படியானால் ஓடியது ஏறக்குறைய 49,000 கிலோமீட்டர். 2006 நவம்பரில் கார்ல்ஸ்ரூவேயில் உள்ள உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "உத்தரவாதம் இல்லை" என்ற ஒரு வரி, அதே விளம்பரத்தில் உறுதியாகச் சொன்ன கிலோமீட்டரை அழித்துவிடாது. அழித்துவிடும் என்றால் அந்த எண்ணை எழுதியதற்கே அர்த்தமில்லை. அந்த வரி சொல்லாத மற்றக் குறைகளுக்குத்தான்.

ஒரு யூரோ விஷயத்துக்கும் 2012இல் அதே நீதிமன்றம் பதில் சொல்லியிருக்கிறது. வெர்டு என்ற ஆடம்பர செல்போன், ஏலம் ஒரு யூரோவில் ஆரம்பித்து 782 யூரோவில் முடிந்தது. போலி என்றார் வாங்கியவர். ஆரம்ப விலை ஒரு யூரோ என்றாலே அசல் இல்லை என்று புரிந்திருக்க வேண்டாமா என்று கீழ் நீதிமன்றம் கேட்டது. ஏலத்தில் ஆரம்ப விலை பொருளின் மதிப்பைக் காட்டாது என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பினார்கள்.

இரண்டையும் பையனுக்கு அனுப்பினேன். விளம்பரத்தைப் படம் எடுத்து வைத்திருந்தான், புத்திசாலி. அதை இணைத்துக் கோபப்படாமல் ஒரு கடிதம் எழுதச் சொன்னேன். நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: "லென்ஸைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டார் டீச்சர். தபால் செலவு யாருதுன்னுதான் இப்போ பேச்சு ஓடுது."