காமன் கூத்து (ஊவாத் தோட்டங்கள்)

காமன் கூத்து இலங்கை மலையகத் தமிழரின் இசைக்கூத்து. பேச்சுவழக்கில் இதைக் காமாண்டி என்பர். சிவனின் தவத்தைக் கலைக்கப் போய் நெற்றிக்கண்ணால் எரிந்த மன்மதனின் (காமன், மதன்) கதையைப் பாட்டாலும் ஆட்டத்தாலும் நடத்திக்காட்டுவது இது. பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளை எனப் பரந்த ஊவா மாகாணத் தோட்டங்களில் வழிபாடாகவும் கலையாகவும் வாழ்கிறது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகியன இதனோடு சேர்த்துப் பேசப்படும் மலையகக் கூத்துகள்.

தோற்றம்

19ஆம் நூற்றாண்டில் கங்காணிமார் (ஆள்சேர்த்து மேற்பார்த்தவர்கள்) தமிழ்நாட்டிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு ஆள்கட்டி வந்தபோது கூத்தும் உடன் வந்தது. 1869இல் மடுல்சீமையில் முதலில் தென்பட்ட இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்தில் வந்து திரும்பியவர்கள், ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டிய தேயிலையால் குடும்பத்தோடு லயங்களில் (வரிசை வீடுகளில்) தங்கினர். கூத்தும் அங்கேயே வேர்விட்டது.

நிகழ்த்துமுறை

மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். அன்றுமுதல் மதன், அவன் மனைவி ரதி ஆகியோரின் வேடம் கட்டுவோர் விரதம் இருப்பார்கள். ரதி வேடமும் மரபாக ஆணுக்கே உரியது. பகல் வேலை முடிந்தபின் இரவில்தான் ஆட்டம். தப்பு எனும் பறைகளைத் தீயில் காய்ச்சித் தோலை இறுக்கிக்கொண்டு அடி தொடங்குவார்கள். காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு (வேலைக்கான காலை அணிவகுப்புக்கு) அழைத்த அதே தப்பு, இரவில் ரதியையும் மதனையும் ஆடவைத்தது. திருக்கல்யாணம், தூதன் வருகை, ரதியின் தடுப்பு என்று கதை நகர்ந்து, பௌர்ணமியையொட்டிக் காமன் தகனத்தில் உச்சம் பெறும். எமனும் வீரபத்திரனும் வரும்போது தப்படி வேகமெடுக்கும். கம்பம் எரிந்தபின் ரதியின் ஒப்பாரி எழும். சாவு வீடுகளில் கேட்ட ஒப்பாரியின் மெட்டை அறிந்த பெண்களுக்கு அந்தக் கட்டம் வெறும் வேடமாகத் தெரிவதில்லை.

உலக அரங்கில்

பாட்டாலும் ஆட்டத்தாலும் கதை சொல்லும் காமன் கூத்தை அமெரிக்க இசை நாடகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த நாடகத்தின் தொடக்கமாக 1866இல் நியூயார்க்கில் அரங்கேறிய ‘த பிளாக் குரூக்’ சுட்டப்படுவது வழக்கம். பாட்டும் நடனமும் கதையோடு இணைந்தே நடக்கும் முறை 1927இல் ‘ஷோ போட்’, 1943இல் ‘ஓக்லஹோமா!’ வழியாக அங்கே நிலைபெற்றது. காமன் கூத்தில் இந்த இணைப்பு மரபிலேயே உண்டு. அமெரிக்க இசை நாடகம் அனுமதிச்சீட்டு விற்று வளர்ந்த கலை. காமன் கூத்தோ தோட்ட மக்கள் தாமே பணம் திரட்டி, தாமே ஆடி, தாமே காப்பாற்றிய கலை.

மாற்றங்கள்

இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குப் போக நேர்ந்து, குடும்பங்கள் பிரிந்தன. வாய்மொழியாகவும் கையெழுத்து ஏடுகளிலும் பாட்டைக் கற்றுத்தரும் கலைக்கு இத்தகைய பிரிவு பேரிழப்பு. அண்மைக்காலத்தில் காமன் கூத்து சுருங்கிய வடிவில் மேடைகளிலும் கல்வி நிறுவனங்களிலும் இடம்பெறுகிறது. மேடை இதை வெளியாருக்கு அறிமுகம் செய்கிறது. ஆனால் விரதம், இரவு ஆட்டம், தகனம் மூன்றையும் ஊரே சேர்ந்து நடத்தும் காமன் பொட்டலில்தான் (கூத்துக்கான திறந்தவெளியில்தான்) இளையோர் இதை முழுமையாகக் கற்கிறார்கள்.