அம்மைக்குப் பின்னால் வந்த கப்பல்கள்

1875 ஜனவரியில் 'டைடோ' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் சிட்னியிலிருந்து பிஜித் தீவுகளின் அன்றைய தலைநகரான லெவுகாவுக்கு வந்து சேர்ந்தது. மூன்று மாதம் முன்புதான் மன்னர் தாக்கம்பாவ் தம் தீவுகளை விக்டோரியா ராணியின் ஆட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தார். விருந்தாளியாகச் சிட்னிக்குப் போய்த் திரும்பிய மன்னரும் அவர் பிள்ளைகளும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். கூடவே தட்டம்மையும் இருந்தது. கப்பலை யாரும் தனிமைப்படுத்தி நிறுத்தவில்லை. மன்னரைப் பார்க்கத் திரண்ட தலைவர்கள் நோயோடு தத்தம் ஊர் திரும்பினார்கள். அதுவரை தட்டம்மையே அறியாத ஜனங்கள். சில மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தார்கள். தீவுகளின் மக்கள்தொகையில் நாலில் ஒரு பங்குக்கும் மேல். கஞ்சி காய்ச்சிக் கொடுக்கவும் ஆளில்லாமல் குடும்பம் குடும்பமாகப் படுத்ததால், அம்மையில் தப்பியவர்கள் பட்டினியிலும் வயிற்றுப்போக்கிலும் போனார்கள்.

திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி தாலுகாக்களின் கதையைச் சொல்லும் தொடரில் பசிபிக் தீவின் அம்மைக்கு என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நிறைய வேலை இருக்கிறது. அந்தச் சாவு விழுந்த வருஷமே பிஜிக்கு வந்த முதல் நிரந்தர ஆளுநர் சர் ஆர்தர் கார்டன், மிச்சமிருக்கும் பிஜியர்களைக் கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பினால் அந்த இனமே அழிந்துபோகும் என்று முடிவு செய்தார். மொரிஷியஸிலும் டிரினிடாடிலும் ஆளுநராக இருந்தபோது இந்தியக் கூலிகளைப் பார்த்தவர் அவர். பிஜிக்கும் இந்தியாவிலிருந்தே ஆள் எடுக்க ஏற்பாடு செய்தார். ஒரு ஜனத்தைக் காப்பாற்ற இன்னொரு ஜனத்தைக் கொண்டுவந்து வயலில் இறக்கினார்கள்.

முதல் கப்பல் 'லியோனிதாஸ்' 1879 மே மாதம் கல்கத்தாவிலிருந்து 463 பேரோடு வந்தது. வழியிலேயே காலராவும் பெரியம்மையும் கண்டிருந்தன. நாலு வருஷத்துக்கு முந்தைய சாவு கண்முன் நின்றதால் இந்தத் தடவை அதிகாரிகள் அசரவில்லை. யாரையும் லெவுகாவில் இறங்க விடாமல் பக்கத்திலிருந்த குட்டித்தீவில் கொண்டுபோய் ஒதுக்கி வைத்தார்கள். நோய் கரையேறவில்லை. பிஜியின் பொதுச் சுகாதாரம் கற்ற முதல் பாடம் என்று இதைச் சொல்வேன்.

சென்னைத் துறைமுகத்தின் முறை 1903-ல் வந்தது. 'எல்ப்' கப்பல் தொடங்கி 1916 வரை சுமார் 15,000 பேர் சென்னையிலிருந்து போனார்கள். வட ஆர்க்காடு, தென்னார்க்காடு, தஞ்சாவூர், திருச்சி, மலபார், கோதாவரி, விசாகப்பட்டினம் என்று பல ஜில்லாக்காரர்கள். மானாவாரிப் பூமியில் மழை பொய்த்தால் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழியில்லாத நம் பக்கத்துக் கூலிக்காரர்களிடம் ஆள்பிடிக்கும் தரகருக்கு அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு அனுமதிச் சீட்டு எழுதினார்கள். பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், உடம்பிலுள்ள மச்சம் தழும்பு, ஜில்லா, தாலுகா, கிராமம். அதன்கீழ் டாக்டரின் அத்தாட்சி: இந்த ஆளுக்கு உடல் நோயோ மன நோயோ இல்லை, அம்மைப்பால் குத்தியாயிற்று. எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்க அந்தச் சீட்டில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

ஒப்பந்த நிபந்தனைகளும் அதே போக்கில்தான் இருந்தன. ஐந்து வருஷம் வேலை. வாரத்தில் ஐந்து நாள் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமை ஐந்து மணி நேரம். ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங், பெண்ணுக்கு ஒன்பது பென்ஸ். நோய் கண்டால் ஆஸ்பத்திரி, மருந்து, சாப்பாடு எல்லாம் இலவசம். பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் செய்த வேலைக்குத் தக்க கூலி. பிள்ளைக்குக் கூலி என்ன என்று யோசித்தவர்கள், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று ஒரு வரி எழுதவில்லை. இதைப் படிக்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

அந்த இலவச ஆஸ்பத்திரியின் லட்சணத்தைத் தோட்டங்களில் கூலிகள் தங்கிய 'லைன்' வீடுகளைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம். பத்தடிக்கு ஏழடி அறை. அதில் ஒண்டிக்கட்டைகள் மூன்று பேர், அல்லது புருஷன் பெண்டாட்டி பிள்ளைகள். சமையலும் அதற்குள்ளேயே. மறைப்பு உச்சிக்கூரைவரை எழும்பாததால் ஒரு அறைப் புகையும் இருமலும் சண்டையும் அடுத்த அறைக்குப் போகும். வெறுங்காலோடு நடந்த சகதியில் கொக்கிப்புழு பாதம் வழியே ஏறி ரத்தத்தை உறிஞ்சியது. சோகை பிடித்தவனை மேஸ்திரி சோம்பேறி என்று அடித்தான். அந்தத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடலாகவே பாடிவைத்திருக்கிறார். காந்தியின் நண்பர் சி.எப். ஆண்ட்ரூஸ் 1915-லும் 1917-லும் நேரில் போய்ப் பார்த்து எழுதினார். ஆள் எடுப்பது 1916-ல் நின்றது. மிச்சமிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1-ஆம் தேதி ரத்தாயின.

இதற்கு நடுவில் 1918 நவம்பர். ஆக்லாந்திலிருந்து வந்த 'தலூன்' கப்பல் பிஜியின் சுவாவிலும் சமோவாவிலும் டோங்காவிலும் விஷக்காய்ச்சலை இறக்கிவிட்டுப் போனது. பிஜியில் நூற்றுக்கு ஐந்து பேர் போலச் செத்தார்கள். மேற்குச் சமோவாவில் ஐந்தில் ஒருவர். பக்கத்திலேயே இருந்த அமெரிக்கச் சமோவா கப்பல்களைத் தடுத்து நிறுத்தியது. அங்கே ஒரு சாவும் இல்லை. 1879-ன் பாடத்தை சுவா மறந்துபோயிருந்தது.

நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1880-களிலேயே சுவா ஆஸ்பத்திரியில் பிஜி இளைஞர்களுக்கு அம்மை குத்தவும் கிராம வைத்தியம் பார்க்கவும் பயிற்சி கொடுத்தார்கள். அதுதான் 1928-ல் பசிபிக் தீவுகள் பலவற்றுக்கும் பொதுவான மருத்துவப் பள்ளியாக வளர்ந்தது. ராக்பெல்லர் அறக்கட்டளையின் டாக்டர் லாம்பர்ட் 1920-களில் ஊர் ஊராகப் போய்க் கொக்கிப்புழுவுக்கு மருந்து கொடுத்தார், கழிப்பறை வெட்டச் சொன்னார்.

பள்ளிக்கூடம் மட்டும் தானாக வரவில்லை. 1897-ல் வந்த மெதடிஸ்ட் மிஷனரி ஹன்னா டட்லி சுவாவில் தம் வீட்டுத் திண்ணையில் இந்தியப் பிள்ளைகளைக் கூட்டிப் பாடம் சொன்னார். இந்தியர்களுக்கென்று அரசு பள்ளி திறக்க மேலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அங்கும் பாடமொழி இந்தி. தமிழனும் தெலுங்கனும் மலையாளியும் 'மதராசி' என்ற ஒரே பெயரில் அடங்கிப்போனார்கள்.

1912-ல் கூலியாகவே போன ஒருவர் இதை மாற்ற எழுந்தார். சாது குப்புசாமி. 1926-ல் நாந்தியில் தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பிறந்தது. கோயிலும் பள்ளியும் சேர்ந்தே எழ வேண்டும், தாய்மொழி பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் என்பது சங்கத்தாரின் பிடிவாதம். கரும்பு விற்ற காசில் ஒரு பங்கு, வீட்டுக்கு ஒரு ஆள் உழைப்பு என்று ஊர்கூடிப் பள்ளி கட்டினார்கள். ராமகிருஷ்ண மிஷனுக்கு எழுதி ஆள் கேட்டார்கள். 1937-ல் சுவாமி அவினாசானந்தர் வந்தார், 1939-ல் சுவாமி ருத்ரானந்தர். 1949-ல் நாந்தியில் விவேகானந்தா உயர்நிலைப் பள்ளி திறந்தது. கரும்பு வெட்டியவனின் மகன் மேல்படிப்புக்குப் போக ஒரு கதவு அது.

இன்று சங்கத்தின் கையில் இருபதுக்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளும் சில உயர்நிலைப் பள்ளிகளும் இருக்கின்றன. பூர்வகுடிப் பிஜியப் பிள்ளைகள் அங்கே ஏராளமாகப் படிக்கிறார்கள். லம்பாசாவில் சங்கம் ஒரு நர்சிங் கல்லூரியும் நடத்துகிறது. அங்கே படித்து வெளியே வரும் நர்ஸுகள் தீவுக் கிராமங்களின் சுகாதார நிலையங்களில் இரு இனத்துக் குழந்தைகளுக்கும் தட்டம்மைத் தடுப்பூசி போடுகிறார்கள்.

(தொடரும்)