ஓட்டத்தை அளந்த அறிஞர்கள்

காற்பந்தாட்டத்தில் காண்போர் கண்கள் பந்தையே பின்தொடர்கின்றன. ஆட்டக்காரரின் உழைப்போ பெரும்பாலும் பந்தில்லாத இடத்திலேயே நிகழ்கிறது. இவ்வுண்மையை அளந்து காட்டியவர்கள் லிவர்ப்பூல் நகர ஆய்வாளர்களான தாமஸ் ரைலியும் வோன் தாமசும் ஆவர். இங்கிலாந்தின் முதற்பிரிவுக் குழு ஒன்றை ஆராய்ந்து, 1976இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, ஓர் ஆட்டத்தில் ஒருவர் சராசரியாக 8.7 கிலோமீட்டர் இயங்கினார். அதில் பந்துடன் சென்ற தூரம் நூற்றுக்கு 2 பங்குக்கும் குறைவே.

அதற்கு முன்னரே, 1973இல், சுவீடன் நாட்டு உடலியங்கியல் அறிஞர் பெங்ட் சால்ட்டின் மற்றோர் உண்மையை விளக்கியிருந்தார். நாம் உண்ணும் மாவுச்சத்து, தசையில் கிளைக்கோஜனாகச் சேமிக்கப்படுகிறது. விரைந்தோடுவதற்கு அதுவே முதன்மையான எரிபொருள். முதல்நாள் கடும்பயிற்சியால் அச்சேமிப்புக் குறைந்த நிலையில் களமிறங்கியோர், மற்றவர்களைவிடக் குறைந்த தூரமே இயங்கினர். அதிலும் ஏறத்தாழப் பாதியை நடந்தே கடந்தனர். இடைவேளைக்குள் அவர்தம் தசைகளில் கிளைக்கோஜன் பெரும்பாலும் தீர்ந்திருந்தது.

ஆகவே, பிற்பாதியில் தளரும் மாணவனைச் சோம்பேறி எனக் கடியுமுன், அவன் முதல்நாள் எவ்வளவு ஓடினான், என்ன உண்டான் என வினவுதல் ஆசிரியர் கடனாகும். வசைமொழியால் நிரம்பாத தசை, சோற்றாலும் ஓய்வாலும் நிரம்பும்.