பாறைகள் நடத்தும் பள்ளி

நம் பிள்ளைகளின் வரலாற்றுப் பாடநூல்களில் கற்கால ஓவியங்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறிது. ஓர் ஊர்ப்பெயர், ஓர் ஆண்டுக்கணக்கு, மங்கலான ஒரு படம் என்பதோடு பாடம் முடிந்துவிடும். தேர்வு எழுதியபின் மூன்றும் மறந்துபோகும். வரலாறு என்பது பிறர் சொல்லக் கேட்டு மனப்பாடம் செய்வதன்று. சான்றைக் கண்ணால் கண்டு, வினா எழுப்பி, விடையைச் சோதித்துத் தெளிவதே வரலாறு. இவ்வுண்மையை இளம் உள்ளங்களில் பதிப்பதற்கு எழுத்துத் தோன்றாத காலத்துப் பாறை ஓவியங்களைவிடச் சிறந்த கருவி வேறில்லை எனலாம்.

போபால் நகருக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில், விந்திய மலையடிவாரத்தில் அமைந்துள்ளது பீம்பேட்கா. ஓவியராகவும் தொல்லியலாளராகவும் விளங்கிய வி. எஸ். வாகண்கர், போபாலை நோக்கிச் சென்ற இரயிலிலிருந்து இங்குள்ள பாறைகளைக் கண்டார். அவற்றின் தோற்றம் ஐரோப்பாவில் ஓவியங்கள் கிடைத்த பாறைகளை அவருக்கு நினைவூட்டியது. 1957-ஆம் ஆண்டு அவர் இங்கு வந்து ஆராய்ந்ததன் பயனாக ஒரு பேருலகமே வெளிப்பட்டது. இப்பகுதியில் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பாறை ஒதுக்கிடங்கள் உள்ளன. 2003-இல் யுனெஸ்கோ நிறுவனம் இவ்விடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

இங்கே செங்காவியிலும் வெண்ணிறத்திலும் யானை, காட்டெருமை, மான் முதலிய விலங்குகளும், வேட்டையாடுவோரும், கைகோத்து ஆடுவோரும் தீட்டப்பெற்றுள்ளனர். ஆசிரியர் இவற்றைக் காட்டியதும் ஆண்டுக்கணக்கைக் கூறிவிடலாகாது. ‘எந்த ஓவியம் முந்தியது?’ என்று முதலில் வினவ வேண்டும். பல பாறைகளில் ஓவியத்தின்மேல் ஓவியம் தீட்டப்பட்டிருப்பதால், அடியில் இருப்பது முந்தியது, மேலே இருப்பது பிந்தியது என்பதை மாணவரே கண்டுகொள்வர். குதிரைமீதும் யானைமீதும் அமர்ந்து வாள் ஏந்தியவர்களை வரைந்த கை, இரும்பறிந்த காலத்தின் கை என்பதையும் அவர்களே உய்த்துணர்வர். கொம்புடைய பெரும் பன்றி போன்ற ஓர் உயிர், சிறிய மனிதன் ஒருவனைத் துரத்தும் காட்சியும் இங்கே உண்டு. அத்தகைய விலங்கு வாழ்ந்ததா, அன்றி அச்சமும் கற்பனையும் ஈன்ற உருவமா? இவ்வினாவுக்கு விடை தேடும் மாணவன் அன்றைய மனிதனைக் காட்டுமிராண்டி என்று எண்ணான். நம்மைப் போலவே அஞ்சியும் வியந்தும் கனவு கண்டும் வாழ்ந்த ஒருவனாகவே காண்பான்.

அடுத்துக் காலக்கணிப்பின் அருமையை விளக்கலாம். செங்காவி கனிமப்பொருள்; அதில் கரிமம் இன்மையால் கதிரியக்கக் கரிமமுறையால் அதன் வயதை நேரடியாக அறிதல் இயலாது. ஆகவே அறிஞர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த ஓவியங்களையும், ஒதுக்கிடத் தரையை அகழ்ந்து கிடைக்கும் கருவிகளையும் ஒப்பிட்டே முடிவுகாண முயல்கின்றனர். 1970-களில் வி. என். மிஸ்ரா முதலியோர் நிகழ்த்திய அகழாய்வுகளில் பழங்கற்காலக் கருவிகள் முதல் இடைக்கற்காலத்து நுண்கருவிகள் வரை அடுக்கடுக்காகக் கிடைத்தன. ஓவியங்களுள் மிகப் பழையவற்றை இடைக்கற்காலத்தனவாகப் பலர் கொள்வர். இவ்வாறு சொல்லும்போது ‘கொள்வர்’ என்ற சொல்லின் பொருளையும் மாணவர்க்கு உணர்த்துதல் வேண்டும்.

அறிஞரும் பிழைபடுவர் என்பதற்கு இத்துறையிலேயே இரு சான்றுகள் உள. ஸ்பெயின் நாட்டின் அல்தமிரா குகையில் 1879-இல் சவுதுவோலா என்பார் தரையைத் தோண்டிக்கொண்டிருந்தபோது, உடன்சென்ற எட்டு வயது மகள் மரியா அண்ணாந்து நோக்கி, கூரையில் தீட்டப்பட்டிருந்த காட்டெருதுகளைக் கண்டாள். கற்கால மனிதனுக்கு இத்துணைத் திறன் இருக்கவியலாது என்று அக்காலப் புலமையுலகம் அதனை மறுத்தது. 1888-இல் சவுதுவோலா மனம் நொந்தபடியே மறைந்தார். மறுத்தவருள் முதன்மையானவரான பிரெஞ்சு அறிஞர் கார்த்தையாக், 1902-இல் தம் தவற்றை வெளிப்படையாக எழுதி ஒப்புக்கொண்டார்.

மற்றொன்று பீம்பேட்காவிலேயே நிகழ்ந்தது. அங்குள்ள ஒரு குகையின் கூரையில் ஐம்பத்தைந்து கோடி ஆண்டுப் பழமையான உயிரியின் புதைபடிவம் இருப்பதாக 2021-இல் ரெடாலக் முதலிய ஆய்வாளர்கள் அறிவித்தனர். வேறொரு குழுவினர் நேரில் ஆராய்ந்து, அது மலைத்தேனீயின் கூடு விட்டுச்சென்ற தடமே என 2023-இல் நிறுவினர். முன்னர் அறிவித்தவரும் அதனை ஏற்றுக்கொண்டார். சான்று தோன்றியவழித் தம் கருத்தை மாற்றிக்கொள்வது இழுக்கன்று, அறிவின் அழகே அஃது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் எந்த அறவுரையினும் தெளிவாகக் கற்பிக்கும்.

பாதுகாக்கும் கடமையும் இப்பாடத்தின் ஒரு பகுதியே. பிரான்சின் லாஸ்கோ குகை ஓவியங்கள், பார்வையாளர் பெருக்கத்தால் கெடத்தொடங்கியமையால் 1963-இல் அக்குகை பொதுமக்களுக்கு மூடப்பட்டது. நம் நாட்டிலோ பழம்பாறைகளில் தம் பெயரைக் கீறிச்செல்வோர் இன்றும் உளர். பல்லாயிரம் ஆண்டு வெயிலையும் மழையையும் தாங்கிய கோடுகளை ஓர் ஆணியின் கீறல் அழித்துவிடும். தொடாமல் பார்க்கக் கற்ற குழந்தையே அதற்குத் தக்க காவல்.

பிழைப்பின்பொருட்டுத் தாயகம் விட்டு வந்து வாழும் நமக்கு இதில் தனியானதொரு பொருளும் உண்டு. நம் பிள்ளைகளுக்குச் சேர சோழ பாண்டியர் பெருமையைச் சொல்லிக்கொடுக்கிறோம்; அது வேண்டுவதே. ஆயின் அவர்கள் வளரும் மண்ணின் தொன்மையும் அவர்களுக்குரியதன்றோ? பீம்பேட்காவில் ஓவியம் தீட்டியவர் பேசிய மொழியை யாரும் அறியார். ஆதலின் அதனைத் தமக்கே உரியதெனக் கொண்டாட எம்மொழியார்க்கும் இயலாது, அயலதென்று ஒதுக்கவும் இயலாது. விடுமுறையில் ஊர் செல்லும்போது விழுப்புரம் பக்கத்துக் கீழ்வாலையிலும், கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லபாடியிலும் உள்ள பாறை ஓவியங்களையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். விந்தியத்தில் கேட்ட அதே வினாக்களை அங்கும் அவர்கள் கேட்கட்டும். விடையை நாம் முந்திச் சொல்லாதிருந்தால், மரியாவைப் போல் அவர்களே அண்ணாந்து நோக்குவர்.