கடலில் மிதக்கும் ஊரும் கண்ணுக்குத் தெரியாத வைரஸும்

2003-ம் வருடம் நவம்பர் 3-ம் தேதி ஸ்பெயின் அரசு ஒரு காரியம் செய்தது. தனக்கும் ஜிப்ரால்டருக்கும் நடுவில் உள்ள எல்லையை இழுத்து மூடியது. சர்வாதிகாரி பிராங்கோ காலத்தில் 1969-ல் அடைக்கப்பட்டு, 1985-ல்தான் முழுமையாகத் திறக்கப்பட்ட எல்லை அது. மறுபடி மூடுகிற அளவுக்கு என்ன நடந்தது? போரா, கலவரமா? இரண்டும் இல்லை. 'அரோரா' என்ற பிரிட்டிஷ் சொகுசுக் கப்பல் ஜிப்ரால்டர் துறைமுகத்துக்கு வந்திருந்தது. அந்தப் பயணத்தில் ஐந்நூறு பேருக்கும் மேல் வாந்தி, வயிற்றுப்போக்கு. அதற்கு முன்பே கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் பயணிகளை இறங்க விடவில்லை. அந்த நோய் தங்கள் ஊருக்குள் வந்துவிடக் கூடாது என்று ஸ்பெயினும் கதவை அடைத்தது.

நோய் உள்ள கப்பலைக் கண்டு ஊர் பயப்படுவது புதிய விஷயம் அல்ல. பிளேக் நோய்க்குப் பயந்து 1377-லேயே அட்ரியாட்டிக் கடலோர ரகுசா நகரம் (இன்றைய குரோஷியாவின் துப்ரோவ்னிக்) வெளியிலிருந்து வருபவர்களை 30 நாள் தனியே நிறுத்தி வைத்தது. பிறகு அது 40 நாள் ஆனது. இத்தாலிய மொழியில் 'நாற்பது' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் 'குவாரண்டைன்'. ஆனால் சொகுசுக் கப்பலின் வயிற்று வைரஸ் விஷயத்தில் இந்தப் பழைய வழி எடுபடவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள முதலில் கடலை விட்டுவிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும்.

<b>ஒரு பள்ளியில் கிடைத்த பெயர்</b>

குளிர்காலத்தில் குடும்பம் குடும்பமாக வாந்தி எடுத்து, இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிவிடும் ஒரு நோயைப் பற்றி 1929-லேயே அமெரிக்க மருத்துவர் ஜான் ஜஹோர்ஸ்கி எழுதியிருக்கிறார். 'குளிர்கால வாந்தி நோய்' என்று அதற்குப் பெயர். காரணம் மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை.

1968-ன் இலையுதிர் காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நார்வாக் என்ற சிறிய ஊரின் ஆரம்பப் பள்ளியில் மாணவர்களும் ஆசிரியர்களுமாகப் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள். அவர்களிடமிருந்து மல மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தார்கள். பாக்டீரியா எதுவும் சிக்கவில்லை. 1972-ல் ஆல்பர்ட் கபிக்கியன் என்ற விஞ்ஞானி ஒரு தந்திரம் செய்தார். நோய் வந்து குணமானவரின் ரத்தத்தில் அந்தக் கிருமிக்கு எதிரான பொருள்கள் இருக்கும் அல்லவா? அந்தச் சீரத்தை மாதிரியோடு கலந்தார். கிருமிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டன. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, 27 நானோமீட்டர் அளவுள்ள சின்னஞ்சிறு உருண்டைகள் தெரிந்தன. ஊர் பெயரையே வைத்து 'நார்வாக் வைரஸ்' என்றார்கள். அதுவே சுருங்கி 2002-ல் 'நோரோவைரஸ்' என்று அதிகாரபூர்வப் பெயர் ஆனது.

ஆக, இது கப்பலில் பிறந்த நோய் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட நோய். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

<b>முதலில் சமையலறையைச் சந்தேகித்தார்கள்</b>

1970-களில் அமெரிக்கத் துறைமுகங்களில் இருந்து கிளம்பும் சொகுசுக் கப்பல்களில் அடிக்கடி வயிற்றுக் கோளாறு பரவியது. அந்தக் காலத்தில் குற்றவாளி பெரும்பாலும் பாக்டீரியாதான். 1974 கடைசியிலும் 1975 தொடக்கத்திலும் கரீபியன் கடலில் இரண்டு கப்பல்களில் நடந்தது நல்ல உதாரணம். சமைத்து முடித்த கடல் உணவின் மேல், தீயணைப்புக் குழாயில் வந்த கடல் நீர் பட்டிருக்கிறது. அந்த நீரில் இருந்த விப்ரியோ வகை பாக்டீரியா பயணிகளின் வயிற்றுக்குள் போய்விட்டது.

இப்படிப்பட்ட சம்பவங்களால் 1975-ல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் (சிடிசி) கப்பல் சுகாதாரத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதிகாரிகள் முன்னறிவிப்பு இல்லாமல் கப்பலில் ஏறிச் சோதனை போடுவார்கள். குடிநீர், சமையலறை, குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலை, நீச்சல் குளம் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்து நூற்றுக்கு மதிப்பெண். 86 எடுத்தால் பாஸ், 85 என்றால் ஃபெயில்! மதிப்பெண்களைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட்டதால் கம்பெனிகளுக்கு மானப் பிரச்சனை ஆகிவிட்டது. 1986-ல் இந்தத் திட்டத்தின் பல பகுதிகளை நிறுத்தினார்கள். எதிர்ப்பு கிளம்பவே, அமெரிக்க நாடாளுமன்றம் தலையிட்டு மறுபடி நடத்த வைத்தது. பிறகு சோதனைச் செலவைக் கப்பல் கம்பெனிகளிடமே கட்டணமாக வசூலித்தார்கள்.

திட்டம் நன்றாகவே வேலை செய்தது. தண்ணீரும் உணவும் சுத்தமாயின. பாக்டீரியாவால் வரும் தொல்லை குறைந்தது. அப்புறம் 2002 வந்தது.

<b>பத்து நாள் கழுவிய கப்பல்</b>

2002-ம் ஆண்டில் டிசம்பர் 2-ம் தேதி வரை மட்டும் 17 கப்பல்களில் 21 முறை வயிற்று நோய் பரவியதாக சிடிசி கணக்குச் சொன்னது. அதில் ஒன்பது நோரோவைரஸ் என்று ஆய்வகத்தில் உறுதியானது. பாக்டீரியாவால் வந்தது மூன்றே மூன்று. மீதி ஒன்பதுக்குக் காரணம் தெரியவில்லை.

அந்த வருடம் அதிகம் பேசப்பட்ட கப்பல் 'ஆம்ஸ்டர்டாம்'. ஒரு பயணத்தில் நோய் பரவியது. பயணிகள் இறங்கினார்கள், கப்பலைச் சுத்தம் செய்தார்கள், புதிய பயணிகள் ஏறினார்கள், அவர்களுக்கும் நோய்! இப்படி அடுத்தடுத்து நடந்ததால் நவம்பரில் கப்பலையே 10 நாள் ஓட்டாமல் நிறுத்தி வைத்து, மூலை முடுக்கெல்லாம் கிருமிநாசினி போட்டுக் கழுவினார்கள். பயணிகள் மாறிய பிறகும் நோய் இருந்தது என்றால் என்ன அர்த்தம்? வைரஸ் கப்பலின் கைப்பிடிகளிலும் மேசைகளிலும் தங்கியிருக்கலாம். அல்லது பயணம் முடிந்தும் கப்பலிலேயே இருக்கும் ஊழியர்களின் உடம்பில் இருக்கலாம். சமையலறைக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண் கொடுத்தாலும் இதைப் பிடிக்க முடியாது.

<b>ஏன் இவ்வளவு பிடிவாதம்?</b>

இந்த வைரஸுக்குச் சில கெட்ட குணங்கள் உண்டு. உடம்புக்குள் போகும் நோய்க்கிருமிகளில் பலவற்றுக்குப் பெரிய படை வேண்டும். இதற்கோ சில பத்துத் துகள்களே போதும். நோயாளி ஒரு முறை வாந்தி எடுத்தால் அதில் கோடிக்கணக்கில் துகள்கள் வெளியேறும். உள்ளே போய் 12 முதல் 48 மணி நேரம் வரை எந்த அறிகுறியும் காட்டாது. அதாவது, வீட்டிலேயே தொற்று வாங்கியவர் சிரித்த முகத்தோடு கப்பல் ஏறலாம். நோய் மூன்று நாளில் போய்விடும். ஆனால் குணமான பிறகும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ மலத்தில் வைரஸ் வெளியேறிக்கொண்டே இருக்கலாம்.

இன்னொரு விஷயம். கோவிட் வைரஸுக்கு வெளியே கொழுப்பால் ஆன உறை உண்டு. சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அந்த உறையைக் கரைத்துவிடும், வைரஸ் செத்துவிடும். நோரோவைரஸுக்கு அந்த உறையே கிடையாது. அதனால் சானிடைசர் இதன்மேல் சரியாக வேலை செய்யாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் வைரஸைக் கையிலிருந்து தேய்த்துக் கழற்றி அடித்துக்கொண்டு போய்விடும். தரைக்கும் கைப்பிடிக்கும் குளோரின் கலந்த கரைசல் வேண்டும்.

2009-ல் வெளியான ஓர் ஆய்வு இங்கே முக்கியம். ஆய்வாளர்கள் 56 கப்பல்களின் பொதுக் கழிவறைகளில், சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத, புறஊதா விளக்கில் மட்டும் ஒளிரும் ஒரு திரவத்தால் கைப்பிடி, இருக்கை போன்ற இடங்களில் ரகசியமாகப் புள்ளி வைத்தார்கள். துடைத்திருந்தால் புள்ளி அழிந்திருக்கும். மூன்று வருடம் பார்த்ததில் தினமும் துடைக்கப்பட்டவை 37 சதவீதம் மட்டுமே! பளபளப்பாகத் தெரிவது வேறு, சுத்தமாக இருப்பது வேறு.

<b>வாயைத் திறக்காத பயணி</b>

சுத்தம் போதாது என்பது பாதி உண்மைதான். மீதி உண்மை பயணிகளிடம் இருக்கிறது. 2009 ஜனவரியில் நோரோவைரஸ் கடுமையாகப் பரவிய ஒரு கப்பலில் பயணிகளிடம் பின்னர் விரிவாக விசாரித்தார்கள். முதல் நாள் எல்லோரும் கப்பல் ஏறிக்கொண்டிருந்தபோதே ஒருவர் பொது இடத்தில் வாந்தி எடுத்திருந்தார். அந்தத் தளத்தில் தங்கியவர்களுக்கும் சாப்பிட்டவர்களுக்கும் நோய் அதிகமாக வந்திருந்தது. அறையில் கூட இருந்தவருக்கு நோய் என்றால் ஆபத்து பல மடங்கு. இவ்வளவுக்கும் நடுவில், நோய் வந்தவர்களில் கணிசமானோர் கப்பல் மருத்துவரிடம் சொல்லவே இல்லை!

ஏன் சொல்லவில்லை என்று ஊகிப்பது கஷ்டமில்லை. வருடக் கணக்கில் காசு சேர்த்து வந்த பயணம். 'வாந்தி எடுத்தேன்' என்று சொன்னால் அறைக்குள்ளேயே இருக்கச் சொல்வார்கள். கடல் காற்றால் தலை சுற்றுகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் போய் நின்றுவிடலாம். கரண்டியை ஒருவர் தொடுவார், அதே கரண்டியை அடுத்த நூறு பேர் தொடுவார்கள்.

2014 ஜனவரியில் 'எக்ஸ்ப்ளோரர் ஆஃப் தி சீஸ்' கப்பலில் பயணிகளும் ஊழியர்களுமாக அறுநூறு பேருக்கும் மேல் நோய் வந்து, பயணத்தைப் பாதியில் முறித்துக்கொண்டு நியூஜெர்சிக்குத் திரும்பியது. ஒரு சிலர் இரண்டு நாள் சுகத்தை விட்டுக்கொடுக்க மறுத்தால் எல்லோருடைய பயணமும் பறிபோகலாம் என்பதுதான் இதில் உள்ள கணக்கு.

<b>அப்படியானால் கப்பல்தான் குற்றவாளியா?</b>

இல்லை. அமெரிக்காவில் பதிவாகும் நோரோவைரஸ் பரவல்களில் கப்பல்களில் நடப்பவை சுமார் 1 சதவீதம்தான். மருத்துவமனைகள், முதியோர் இல்லங்கள் போன்ற இடங்களில்தான் மிக அதிகம். 2008 முதல் 2014 வரை சிடிசி கண்காணித்த கப்பல்களில் பயணம் செய்தவர்களில் வயிற்று நோய் என்று பதிவானவர்கள் 0.18 சதவீதம். ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. உலகம் முழுவதும் பார்த்தால் இந்த வைரஸால் வருடத்துக்குச் சுமார் 2 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மதிப்பீடு. அதில் சுமார் 50,000 பேர் குழந்தைகள், பெரும்பாலும் ஏழை நாட்டுக் குழந்தைகள். அவர்களைப் பற்றிப் பத்திரிகையில் தலைப்புச் செய்தி வருவதில்லை.

கப்பல் மட்டும் செய்தியாவது ஏன்? கப்பலில் எண்ணுகிறார்கள், அதனால்தான். எத்தனை பேருக்கு வயிற்று நோய் என்று துறைமுகம் சேரும் முன்பே கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அமெரிக்கத் துறைமுக விதி. கல்யாண மண்டபத்திலோ விடுதியிலோ அப்படி யாரும் எண்ணுவதில்லை. 2024-ல் அந்தக் கணக்கில் 18 பரவல்கள் வந்தன, அதில் 15 நோரோவைரஸ். எண்ணிக்கை பயமுறுத்தலாம். ஆனால் எண்ணாத இடம் பாதுகாப்பான இடம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

<b>வரலாறு சொல்லித் தரும் பாடங்கள்</b>

இவ்வளவு வருட அனுபவத்திலிருந்து கப்பல் பயணிக்குக் கிடைப்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை:

1. சாப்பிடும் முன்பும் கழிவறைக்குப் போய் வந்த பின்பும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவ வேண்டும். சானிடைசர் அதற்கு மாற்று அல்ல.

2. முடிந்தவரை சொந்த அறையின் கழிவறையையே பயன்படுத்துவது நல்லது. அந்த 37 சதவீதத்தை நினைத்துக்கொள்ளவும்.

3. கைப்பிடி, லிப்ட் பட்டன், பொதுக் கரண்டி இவற்றைத் தொட்ட கையை வாயருகே கொண்டுபோகக் கூடாது.

4. யாராவது வாந்தி எடுத்தால் அந்த இடத்தை விட்டு விலகி ஊழியரிடம் சொல்ல வேண்டும்.

5. கிளம்புவதற்கு முன் வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போட வேண்டும். கப்பலில் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி, நின்ற பிறகும் இரண்டு நாளாவது அறையில் இருக்க வேண்டும். உப்பு சர்க்கரைக் கரைசலை அடிக்கடி குடிக்க வேண்டும்.

ரகுசா நகரம் கப்பலை நிறுத்தியது. ஸ்பெயின் எல்லையை மூடியது. சிடிசி சமையலறைக்கு மதிப்பெண் போட்டது. இவை எல்லாமே வெளியில் இருந்து போடும் பூட்டு. நோரோவைரஸுக்கு உள்ளிருந்து போடும் பூட்டு ஒன்று வேண்டும். அது, உடம்பு சரியில்லாதவர் 'எனக்கு முடியவில்லை' என்று சொல்வது. அப்படிச் சொல்பவரைத் திட்டாமல், அவருடைய பணத்தையும் சம்பளத்தையும் பிடுங்காமல், கவனித்துக்கொள்ளும் கப்பலில்தான் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். பள்ளிக்கூடத்துக்கும் விடுதிக்கும் இதே விதிதான்.